இளங்கிளிகளின் எச்சம், இறகு உதிர்வு, கழிப்புப் பழக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கிளிக்குஞ்சு வளர்ப்போரிடமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை எச்சத்தையும் இறகையும் பற்றியவை. அவற்றுள் ஒன்றோடொன்று தொடர்புடையவற்றை இம்முறை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: டாக்டர், கையில் ஊட்டி வளர்த்த எங்கள் காக்கட்டீல் (கொண்டையுள்ள சிறு கிளி இனம்) குஞ்சு இப்போதுதான் தானாகத் தின்னத் தொடங்கியிருக்கிறது. கூழ் குடித்த நாள்களில் எச்சம் நிறையவும் நீர்த்தும் இருந்தது. இப்போது சிறுத்துவிட்டது. ஒரு நாள் பச்சையாகவும் மறுநாள் பழுப்பாகவும் இருக்கிறது. அதன்மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. இது நோயா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதில் நோயின் அறிகுறி எதுவும் இல்லை. கிளியின் எச்சத்தில் மூன்று பகுதிகள் உண்டு. குடலிலிருந்து வரும் மலம் சுருண்ட இழைபோலப் பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும். சிறுநீரகத்திலிருந்து வரும் யூரேட் வெள்ளையாகவோ வெளிறிய பால் நிறத்திலோ இருக்கும். அவற்றைச் சுற்றிச் சிறிதளவு நிறமற்ற சிறுநீர் இருக்கும். பறவைக்குச் சிறுநீர்ப்பை கிடையாது என்பதால் இம்மூன்றும் ஒரே துளை வழியாக, பெரும்பாலும் ஒரே நேரத்தில் வெளியேறுகின்றன. நம் உடல் யூரியாவாக நீரில் கரைத்து வெளியேற்றும் கழிவைப் பறவையின் உடல் யூரிக் அமிலமாக மாற்றி, நீரை அதிகம் செலவிடாமல் வெளியேற்றுகிறது. நீங்கள் கண்ட வெள்ளை அதுதான்.

கூழின் பெரும்பகுதி நீர் என்பதால், ஊட்டி வளர்க்கப்படும் குஞ்சின் எச்சம் பெரிதாகவும் நீர்த்தும் இருப்பது இயல்பு; தானாகத் தின்னப் பழகியதும் அது சிறுத்து இறுகும். நிறம் பெரும்பாலும் தீனியைப் பொறுத்தது. கீரை தின்ற நாளில் பச்சை மிகும், பெல்லட் (அழுத்திச் செய்த ஆயத்தத் தீனி) தின்றால் பழுப்பு மிகும், பீட்ரூட் தின்றால் வீட்டார் அஞ்சும்படி சிவக்கும்.

இந்தப் பருவத்தில் நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. குஞ்சு விதையை அலகில் உருட்டி விளையாடுவதைத் தின்பதாக நினைத்து வீட்டார் கூழை நிறுத்திவிடுவதுண்டு. அப்போது மலப்பகுதி நூலளவாகக் குறைந்து, கரும்பச்சையாகி, வெள்ளையும் நீரும் மட்டுமே மிஞ்சும். குஞ்சின் குடலில் உணவே இல்லை என்பதற்கு அது அடையாளம். ஆகவே ஒரு கிராம் தராசு வாங்கி, காலையில் முதல் எச்சம் போட்ட பின், தீனி வைக்கும் முன், நாள்தோறும் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். தானாகத் தின்னப் பழகும் குஞ்சு சிறிது எடை குறைவது உண்டு என்றாலும், உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

கூண்டின் அடியில் மரத்தூளோ சோளச்சக்கைத் துகளோ பரப்ப வேண்டாம். அவை எச்சத்தை மறைத்துவிடும். ஈரம் பட்டால் பூஞ்சையும் வளரும். அச்சில்லாத வெள்ளைக் காகிதம் விரித்து, அதைத் தினமும் மாற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். காலையின் முதல் எச்சம் இரவு முழுதும் தேங்கியது என்பதால் பெரிதாகவே இருக்கும். அதை அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம். பட்ஜரிகர் போன்ற சிறு கிளி ஒரு நாளில் 40 முறைக்கு மேலும் எச்சமிடலாம். பெரிய கிளிகளுக்கு இந்த எண்ணிக்கை குறைவு. உங்கள் குஞ்சுக்கு வழக்கமான அளவும் நிறமும் எண்ணிக்கையும் எவை என்பதை அது நலமாக இருக்கும்போதே நீங்கள் அறிந்திருந்தால்தான், மாறும்போது அது கண்ணில் படும்.

கேள்வி: பழம் கொடுத்த அன்று எங்கள் கிளியின் எச்சத்தைச் சுற்றி நீர் வட்டமாகப் பரவியிருந்தது. வயிற்றுப்போக்கு என்று சொல்லி, குழந்தைகளுக்குத் தரும் மருந்தில் ஒரு சொட்டு கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். காகிதத்தில் நீர் பரவியிருந்தாலும் நடுவே மலம் வடிவம் கலையாமல் சுருண்டிருந்தால், அது சிறுநீர் மிகுந்ததே தவிர வயிற்றுப்போக்கு அன்று. நீர்ச்சத்துள்ள பழம், குளியல், பயணம், புதிய இடம் ஆகிய எவையும் இதை உண்டாக்கும். காரணம் நீங்கிய சில மணி நேரத்தில் எச்சம் பழைய நிலைக்கு வந்துவிடும். மலமே வடிவம் இழந்து குழம்பாகி, எச்சத்துளையைச் சுற்றியுள்ள இறகுகளில் ஒட்டிக்கொண்டால்தான் அது வயிற்றுப்போக்கு. பழமே கொடுக்காத நாள்களிலும் நீர் மிகுந்து, கிளி வழக்கத்தை விட அதிகமாகத் தண்ணீர் குடித்தால், சிறுநீரகத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மனிதருக்கான மருந்தின் ஒரு சொட்டு, நூறு கிராம் கூட இல்லாத உயிருக்கு எவ்வளவு பெரிய அளவு என்பதை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: எச்சத்தில் எந்த மாற்றத்தைக் கண்டால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்?

பதில்: முதலில் வெள்ளைப் பகுதியைப் பாருங்கள். தீனியின் நிறம் மலத்தில் தெரிவது இயல்பு. வெள்ளைப் பகுதியே மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் கல்லீரலைச் சந்தேகிக்க வேண்டும். பறவையின் பித்த நிறமி பெரும்பாலும் பச்சை நிறமுள்ள பிலிவெர்டின் என்பதால், நமக்குக் காமாலையில் மஞ்சளாகத் தெரிவது பறவையின் யூரேட்டில் பச்சையாகத் தெரிகிறது. கிளிக்காய்ச்சல் எனப்படும் கிளமிடியா பாக்டீரியாத் தொற்றிலும் இம்மாற்றம் வரும். அது மனிதருக்கும் தொற்றும். தார்போலக் கருத்த மலம் உணவுப் பாதையின் மேற்பகுதியில் இரத்தக் கசிவு இருப்பதைக் காட்டும். பளிச்சென்ற சிவப்பு இரத்தம் எச்சத்துளையின் அருகிலிருந்து வருவது. விதைகள் செரிக்காமல் முழுதாக வெளிவருவது, கெட்ட நாற்றம் வீசுவது, சிறுநீர்ப் பகுதி சிவப்பாக இருப்பது ஆகியவற்றையும் பொறுத்துப் பார்க்கக் கூடாது. ஈயமோ துத்தநாகமோ உள்ள கம்பி, பூட்டு, மணி ஆகியவற்றைக் கொறித்த கிளிகளிடம் இந்தக் கடைசி அறிகுறி காணப்படுவதுண்டு. மருத்துவரிடம் போகும்போது அன்றைய காகிதத்தையும் அப்படியே எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் வாயால் விவரிப்பதை விட அது தெளிவாகச் சொல்லும்.

கேள்வி: ஏறத்தாழ நான்கு மாதமான எங்கள் பட்ஜரிகரின் இறகுகள் தினமும் உதிர்ந்து கூண்டு முழுதும் கிடக்கின்றன. தலை முழுதும் முள் முளைத்ததுபோல் இருக்கிறது. தொட்டால் கடிக்கிறது, பகலிலும் தூங்குகிறது. நோய்வாய்ப்பட்டுவிட்டதோ என்று அச்சமாக இருக்கிறது.

பதில்: இது பெரும்பாலும் முதல் இறகு மாற்றம். பட்ஜரிகருக்கு 3 முதல் 4 மாதத்தில் அது தொடங்கும். அலகு வரை நெற்றியில் இறங்கியிருந்த கறுப்புக் கோடுகள் மறைந்து நெற்றி தெளிவாகிறதா என்று பாருங்கள். பெரிய இனங்களில் முதல் இறகு மாற்றம் ஏறத்தாழ ஒரு வயது வரையும் தாமதமாகலாம்.

நீங்கள் முள் என்று எழுதியிருப்பது முளைத்து வரும் புதிய இறகு. ஒவ்வொன்றும் கெரட்டின் (நகத்திலும் உள்ள புரதம்) உறைக்குள் சுருண்டபடி தோலைத் துளைத்து வெளிவருகிறது. வளரும் வரை அதற்குள் இரத்த ஓட்டம் இருப்பதால் அடிப்பகுதி கருநீலமாகத் தெரியும், தொட்டால் வலிக்கும். உங்கள் கிளி கடிப்பது அதனால்தான். இறகு முதிர்ந்ததும் இரத்தம் பின்வாங்க, நுனியிலிருந்து உறை வெளுத்துக் காய்ந்து, கிளி அலகால் கோதும்போது வெள்ளைத் தூளாக உதிரும். உடலின் மற்றப் பகுதிகளைக் கிளியே கோதிக்கொள்ளும். தலை அதன் அலகுக்கு எட்டாது. கூட்டில் இணைப்பறவை செய்யும் அந்த வேலையை நீங்கள் செய்யலாம்: உறை நன்றாக வெளுத்துக் காய்ந்த முள்ளை மட்டும், கிளி தலையைத் தாழ்த்திக் கொடுக்கும்போது, இரு விரல்களுக்கிடையே மெல்ல உருட்டிவிடுங்கள். அடியில் கருமை தெரிவதைத் தொடவே வேண்டாம்.

இறகின் பெரும்பகுதி புரதம் என்பதால் இந்த வாரங்களில் உடலுக்குச் செலவு மிகுதி. விதை மட்டும் தின்னும் கிளிக்கு இது கடினமான காலம். தரமான பெல்லட்டும் காய்கறியும் பழக்கி, வேக வைத்த முட்டையைச் சிறிதளவு வாரம் ஓரிரு முறை சேர்க்கலாம். வெதுவெதுப்பான நீரைத் தெளித்தால் உறை இளகி அரிப்பு குறையும். இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும்.

இயல்பான இறகு மாற்றத்தில் எங்கும் தோல் வழுக்கையாகத் தெரியாது. பறப்பதற்கான பெரிய இறகுகள் இரு சிறகுகளிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இணை இணையாக உதிர்வதால், பறக்கும் ஆற்றலும் முழுதாகப் போய்விடாது. வழுக்கைத் திட்டு விழுந்தாலோ, புதிய இறகு நடுவில் இறுகியோ முறுக்கியோ குட்டையாக நின்றுவிட்டாலோ, இளங்கிளிகளை அதிகம் தாக்கும் அலகு இறகு நோய் எனும் வைரஸ் நோய்க்கான சோதனை செய்ய வேண்டும். அது எச்சத்தாலும் இறகுத் தூளாலும் மற்றக் கிளிகளுக்குப் பரவும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இறகு மாறும் காலத்தில் சற்றுச் சோர்வு வரலாம். எச்சம் மாறக் கூடாது, எடையும் கணிசமாகக் குறையக் கூடாது. கிளி உடலைப் பந்தாகச் சிலிர்த்து, கூண்டின் அடியில் இறங்கி உட்கார்ந்து, எச்சமும் மாறியிருந்தால், இறகு மாறுகிறது என்ற எண்ணத்தில் நாளைக் கடத்தாதீர்கள். கிளிகள் நோயை மறைக்கும் இயல்புடையவை. காப்பாற்றியிருக்கக்கூடிய பறவைகள் பல இந்த ஒரு தவறான நம்பிக்கையால் காலந்தாழ்ந்து மருத்துவரிடம் வருகின்றன.

கேள்வி: வளரும் இறகு முறிந்து இரத்தம் வந்தால் என்ன செய்வது?

பதில்: சுத்தமான துணியாலோ பஞ்சாலோ சில நிமிடம் விடாமல் மெல்ல அழுத்துங்கள், மார்பை இறுக்கிப் பிடிக்காதீர்கள், பறவைக்கு மூச்சு முட்டிவிடும். இறகின் மேல் சோள மாவு (கார்ன்ஃபிளவர்) தூவினால் உறைவதற்கு உதவும். நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் விரையுங்கள். இறகை வீட்டில் பிடுங்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் இளம் கொன்யூர் கிளி தோளில் இருந்தாலும் நாற்காலியில் இருந்தாலும் அங்கேயே எச்சமிடுகிறது. ஓர் இடத்தில் போகப் பழக்க முடியுமா? அதட்டினால் கேட்குமா?

பதில்: பழக்க முடியும். அதட்டினால் அதற்குப் புரியாது. உங்களைக் கண்டு அஞ்ச மட்டுமே கற்றுக்கொள்ளும். தானாகத் தின்னப் பழகி, வீட்டாரிடம் அச்சமின்றி வரத் தொடங்கிய பின் இதை ஆரம்பியுங்கள்.

முதல் சில நாள்கள் வெறுமனே கவனியுங்கள். எச்சமிடுவதற்குச் சற்று முன் கிளி ஓர் எட்டுப் பின்னால் வைக்கும், காலை அகட்டிச் சிறிது குனியும், வாலைத் தூக்கும், வயிற்றடி இறகைச் சிலிர்க்கும். சில கிளிகள் அதுவரை போட்ட சத்தத்தைத் திடீரென நிறுத்தும். இரண்டு எச்சங்களுக்கிடையே எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சிறிய இனங்களுக்கு 15 முதல் 30 நிமிடம் வரை இருக்கலாம். தூங்கி எழுந்ததும், தின்ற பிறகும், பறக்கப் போகும் முன்பும் எச்சமிடுவது பெரும்பாலான கிளிகளின் வழக்கம்.

அடுத்து, கீழே காகிதம் விரித்த, கிளி அமரும் ஒரு தாங்கியை அதற்கான இடமாக வையுங்கள். காலையில் கூண்டிலிருந்து எடுத்ததும் முதலில் அங்கே கொண்டுபோய், எச்சமிடும் அந்த நொடியில் எப்போதும் ஒரே சொல்லைச் சொல்லி, முடிந்ததும் மனமாரப் பாராட்டுங்கள், விருப்பமான தீனியில் ஒரு துணுக்குக் கொடுங்கள். பின்னர் அதன் இடைவெளி முடியும் முன் அதே இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு நிமிடத்தில் போகவில்லை என்றால் வற்புறுத்தாமல் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். தவறிப் போய்விட்டால் ஒன்றும் சொல்லாமல் துடைத்துவிடுங்கள்; அந்த நேரத்தில் நீங்கள் எழுப்பும் கூச்சலைக் கூடச் சில கிளிகள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் ஆகலாம். இறகு மாறும் காலத்திலும் நோயுற்ற நாள்களிலும் பழக்கம் தளர்ந்தால் அதைப் பொருட்படுத்தாதீர்கள்.

கேள்வி: எங்கள் காக்கட்டூ நன்றாகப் பழகிவிட்டது. இரவு முழுதும் அடக்கி வைத்திருந்து, காலையில் நான் கையில் எடுத்துச் சொன்னால்தான் போகிறது. வருகிறவர்கள் எல்லாரும் வியக்கிறார்கள்.

பதில்: இதில் மகிழ்ச்சி கொள்ள வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கிளி இடத்தைக் கற்கவில்லை; உங்கள் கட்டளைக்காகக் காத்திருக்கக் கற்றிருக்கிறது. நீங்கள் ஊரில் இல்லாத நாளிலும் தாமதமாக எழும் நாளிலும் அது அடக்கிக்கொண்டே இருக்கும். இப்படி நெடுநேரம் அடக்கி முக்கும் கிளிகளுக்கு, குறிப்பாகக் காக்கட்டூ இனத்துக்கு, எச்சத்துளையின் உட்சுவர் பிதுங்கி வெளியே தள்ளிவிடும் ஆபத்து உண்டு. அது வந்துவிட்டால் அறுவை சிகிச்சை வரை போகும், மீண்டும் வரவும் கூடும். இன்றிலிருந்து சொல் சொல்வதை நிறுத்துங்கள். காலையில் திரையை விலக்கி, வெளியே எடுக்காமல், கூண்டுக்குள்ளேயே அது எச்சமிடும் வரை அருகில் இருந்து, அங்கே போனதற்கே பாராட்டுங்கள். கூண்டில் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற சுதந்திரம் எந்தக் கிளிக்கும் இருக்க வேண்டும். காலையில் எச்சம் வழக்கத்துக்கு மாறாகப் பெரிதாகவும் நாற்றத்தோடும் இருந்தாலோ, முக்குவது தெரிந்தாலோ, சிவந்த சதை துளியளவு வெளியே தெரிந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார். கூண்டை யார், எப்படிச் சுத்தம் செய்வது?

பதில்: கர்ப்பிணி அல்லாத வேறொருவர் செய்யட்டும். காய்ந்த எச்சத்தைச் சுரண்டினாலோ பெருக்கினாலோ தூள் பறந்து மூச்சில் கலக்கும். கிளிக்காய்ச்சல் பரவும் முக்கிய வழி அதுதான். முதலில் நீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் அணிந்து, காகிதத்தை உள்நோக்கிச் சுருட்டி எடுத்து, பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வீட்டில் யாருக்கேனும் விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், வீட்டில் கிளி இருக்கிறது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.