மசாஜ் சிகிச்சை மறுஆய்வுக்கு ஆய்வுகளைத் தெரிவு செய்தல்: கேள்வி பதில்

கேள்வி: மசாஜ் பற்றி வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி, ஒன்றாக மதிப்பிடும் மறுஆய்வு ஒன்றைச் செய்கிறேன். தேடலில் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்து குவிந்துவிட்டன. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சலிப்பதற்கு முன்பே சல்லடை தயாராக இருந்திருக்க வேண்டும். எந்த நோயாளிகள், எவ்வகை மசாஜ், எதனோடு ஒப்பீடு, எந்த விளைவு எப்போது அளக்கப்பட்டது என்ற நான்கையும் முதலில் எழுதி, மறுஆய்வுத் திட்டங்களை முன்கூட்டியே பதிவதற்காக 2011 முதல் இயங்கிவரும் ப்ராஸ்பெரோ பதிவேட்டில் பதிவு செய்வதே நல்லது. முடிவுகளைப் பார்த்த பிறகு எழுதப்படும் விதி, நமக்குப் பிடித்த ஆய்வுகளுக்கு மட்டும் வழிவிடும். தலைப்பையும் சுருக்கத்தையும் இருவர் தனித்தனியே படியுங்கள். ஐயம் எழுந்தால் முழுக் கட்டுரையை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஒப்பீட்டுக் குழு இருந்தால் போதாதா?

பதில்: போதாது. காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்டவர்களோடு ஒப்பிடும் ஆய்வு, எதுவும் செய்யாமலிருப்பதைவிட மசாஜ் மேலா என்று கேட்கிறது. உடற்பயிற்சியோடு ஒப்பிடுவது, வேறொரு சிகிச்சையைவிட மேலா என்று கேட்கிறது. மெல்லத் தொடுவதை மட்டும் போலிச் சிகிச்சையாக அளிப்பது, அழுத்தத்துக்கே தனிப் பலன் உண்டா என்று கேட்கிறது. இம்மூன்றையும் ஒரே சராசரியில் கலந்தால் வரும் எண் எந்தக் கேள்விக்கும் விடையாகாது. இடுப்பு வலிக்கான மசாஜ் குறித்து மருத்துவ மறுஆய்வுகளை வெளியிடும் காக்ரேன் அமைப்பின் 2015ஆம் ஆண்டு மறுஆய்வு, 25 ஆய்வுகளையும் 3,096 பேரையும் உள்ளடக்கியது. அதுவும் காத்திருப்பு போன்ற செயலற்ற ஒப்பீடுகளையும் பிற சிகிச்சைகளோடான ஒப்பீடுகளையும் பிரித்தே கணக்கிட்டது. அப்படியும் சான்றின் தரத்தைக் குறைவு அல்லது மிகக் குறைவு என்றே அது மதிப்பிட்டது.

கேள்வி: யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை நோயாளியிடமும் சிகிச்சையாளரிடமும் மறைக்கும் இரட்டை மறைப்பு இல்லாத ஆய்வுகளை நீக்கிவிடலாமா?

பதில்: நீக்கினால் கையில் எதுவும் மிஞ்சாது. தான் மசாஜ் செய்கிறோம் என்பதை அதைச் செய்பவரிடமிருந்து எப்படி மறைப்பது? ஆய்வுகளின் தரத்தை மதிப்பிடும் பெட்ரோ அளவுகோலின் 10 மதிப்பெண்களில் சிகிச்சையாளர், நோயாளி ஆகியோருக்கான மறைப்புக்கு உரிய இரண்டும் பெரும்பாலும் கிடைக்காது. ஆகவே 8 பெற்ற மசாஜ் ஆய்வைக் குறைத்து மதிக்க வேண்டாம். அளப்பவருக்கு மறைத்ததாகக் கூறும் ஆய்வுகளில்தான் கவனம் தேவை. வலியைச் சொல்பவர் நோயாளியே என்றால், உண்மையில் அளப்பவரும் அவரே.

கேள்வி: மசாஜோடு வெப்ப ஒத்தடமும் கொடுத்திருந்தால்?

பதில்: ஒத்தடம் இரு குழுக்களுக்கும் ஒரே அளவில் கிடைத்திருந்தால் சேருங்கள். ஒரு குழுவுக்கு மட்டும் என்றால், ‘மசாஜின் விளைவைப் பிரிக்க இயலவில்லை’ என்று காரணத்தைக் குறித்து விலக்குங்கள்.

கேள்வி: மசாஜ் செய்த நேரம் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகிறதே?

பதில்: அதற்காக விலக்க வேண்டாம்; ஆனால் பதிவு செய்யாமலும் விடாதீர்கள். நாள்பட்ட கழுத்து வலியுள்ள 228 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், வாரம் இரண்டு மூன்று முறை 60 நிமிடம் பெற்றவர்கள் நன்கு தேறினர். 30 நிமிட அமர்வுகளோ காத்திருப்பைவிடப் பெரிதாக உதவவில்லை. நேரத்தைக் குறிக்காமல் ‘மசாஜ் அளிக்கப்பட்டது’ என்று ஒற்றை வரியில் முடிக்கும் கட்டுரைகள், சலிப்பூட்டும் அளவுக்கு, நிறையவே அகப்படும். அவற்றின் ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் உங்கள் அட்டவணையில் நேரத்துக்கான கட்டத்தில் ‘விவரம் இல்லை’ என்றே எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.