கூந்தன்குளத்துக்கு எட்டா, பத்தா?

பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. சீசனில் பறவை பார்க்கக் கூந்தன்குளம் சரணாலயத்துக்கு அடிக்கடி போவேன், வருஷத்துக்கு இரண்டு தடவை களக்காடு மலைப்பக்கமும் போவதுண்டு. பைனாகுலர் வாங்க 15,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். கடையில் 10×50 வாங்குங்கள் என்கிறார்கள். நண்பர் ஒருவர் 8×42 போதும் என்கிறார். எட்டு குறைச்சல் இல்லையா? நான் கண்ணாடி போடுகிறவன், சிலிண்டர் பவரும் உண்டு. எட்டு வயதுப் பேரனுக்கும் ஒன்று வாங்க வேண்டும்."

அண்ணாச்சி, உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி. 8×42 வாங்குங்கள்.

முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது, முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். குளத்துக்குள் 200 மீட்டர் தள்ளி ஒரு வரித்தலை வாத்து நிற்கிறது என்று வையுங்கள். எட்டு மடங்கில் அது 25 மீட்டரில் நிற்பது போலத் தெரியும். பத்து மடங்கில் 20 மீட்டர். தலையில் இருக்கிற இரண்டு கறுப்புப் பட்டைகளை எண்ணுவதற்கு 25 மீட்டர் தாராளம். ஆக, பத்து வாங்கினால் கிடைக்கிற லாபம் அந்த ஐந்து மீட்டர். அதற்கு நாம் எதையெல்லாம் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

முதலில் கை. பைனாகுலர் பறவையை மட்டும் பெரிதாக்காது, கை நடுக்கத்தையும் அதே அளவுக்குப் பெரிதாக்கும். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துக் காற்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இத்தனை காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? கரை மேல் நின்று பத்து மடங்கில் ஒரு உள்ளானைப் பிடித்தால் படம் ஆடிக்கொண்டே இருக்கும். எட்டில் ஆட்டம் கண்ணுக்குப் பழகிவிடுகிற அளவில் நிற்கும்.

அடுத்தது பார்வைப் பரப்பு. இதைத்தான் கடைக்காரர்கள் சொல்லவே மாட்டார்கள். ஆயிரம் மீட்டர் தள்ளி எவ்வளவு அகலம் தெரிகிறது என்பது கணக்கு. டிகிரியில் எழுதியிருந்தால் 17.5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், மீட்டர் வந்துவிடும். நல்ல எட்டு மடங்கு பைனாகுலரில் 125 முதல் 145 மீட்டர் வரை தெரியும். பத்தில் பெரும்பாலும் 100-க்கும் 115-க்கும் இடையில். கூழைக்கடா ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும், அதற்கு இது பிரச்சினை இல்லை. ஆனால் களக்காட்டுக் காட்டில், தலைக்கு மேலே இலைக்குள் தாவுகிற கதிர்க்குருவியைத் தேடும்போது பரப்பு சின்னதாக இருந்தால் கிளையைக் கண்டுபிடிப்பதற்குள் குருவி அடுத்த மரத்துக்குப் போயிருக்கும். தீக்காக்கை கொஞ்சம் இரக்கமுள்ள பறவை, அசையாமல் இருக்கும். எல்லாப் பறவையும் அப்படி இல்லை.

அப்புறம் கானல். காலை ஒன்பதரை, பத்துக்கு மேல் வெயில் ஏறிவிட்டால் தண்ணீர் மேலே காற்று நெளிய ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் எத்தனை மடங்கு வைத்துப் பார்த்தாலும் நெளிவுதான் பெரிதாகும். தூரத்து வாத்துக் கூட்டத்தில் ஊசிவால் எது, கிளுவை எது என்று பிரிக்க வேண்டுமானால் விடியற்காலையில், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்பதுதான் வழி. அதாவது, காலையில் குளத்துக்குக் கிழக்கே நில்லுங்கள். இது காசு செலவில்லாத மேம்பாடு. அதற்கும் அப்பால் நிற்கிற கூட்டத்துக்கு முக்காலியில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிற தொலைநோக்கி, ஸ்பாட்டிங் ஸ்கோப்தான் வேண்டும். எட்டாலும் ஆகாது, பத்தாலும் ஆகாது.

நானும் முதலில் பெரிய எண்ணைப் பார்த்து மயங்கினவன்தான். எட்டிலிருந்து இருபது வரை போகும் ஜூம் பைனாகுலர் ஒன்றை ஒரு கடையில் தலையில் கட்டினார்கள். இருபதில் வைத்தால் பூநாரை மங்கலான ஒரு வெள்ளைக் கறை, எட்டில் வைத்தால் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பது போல. ஒரு வருஷத்தில் இரண்டு குழாயும் ஒன்றுக்கொன்று கோணிக்கொண்டு, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. ஜூம் என்று எழுதியிருந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

சரி, வெளிச்சத்துக்கு 50 நல்லதுதானே என்று கேட்பீர்கள். லென்ஸ் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 8×42-க்கு 5.25 மி.மீ., 10×50-க்கு 5, 10×42-க்கு 4.2. நம் ஊர்ப் பகல் வெயிலில் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். மிச்ச வெளிச்சம் உள்ளே போகவே போகாது. நம் வயதில் இருட்டில்கூட கண்மணி அவ்வளவாக விரிவதில்லை. ஆகவே 50 வாங்கி நீங்கள் சுமப்பது வெறும் எடைதான். 8×42-இல் வட்டம் பெரிதாக இருப்பதால் கண்ணைக் கொஞ்சம் அசைத்தாலும் படம் இருளாது, காட்டு நிழலிலும் விடிகாலையிலும் கைகொடுக்கும்.

இப்போது உங்கள் கண்ணாடி. உங்கள் கேள்வியில் முக்கியமான விஷயம் இதுதான், நீங்கள் கடைசியில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள்! வெறும் கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பிச் சமாளிக்கலாம். சிலிண்டர் பவர் என்பது விழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இல்லாததற்குப் போடுவது, அதைச் சக்கரம் சரிசெய்யாது. கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். அப்படியானால் லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவே இடம் வேண்டும். இதை ஐ ரிலீஃப் என்பார்கள். குறைந்தது 15 மி.மீ. இருக்க வேண்டும், 17-க்கு மேல் என்றால் நிம்மதி. அது குறைந்தால் முழு வட்டம் தெரியாது, ஓரமெல்லாம் கறுப்பாகிவிடும்.

இந்த ஒரு எண்ணே உங்களுக்கு மாடலைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடும். ஒலிம்பஸ் 8×40 டிபிஎஸ் பழைய பாணி, போரோ பிரிசம் வைத்தது, அதாவது முன் லென்ஸும் கண் வைக்கிற லென்ஸும் ஒரே நேர்கோட்டில் இருக்காது. பார்வைப் பரப்பு 8.2 டிகிரி, கொடுக்கிற காசுக்கு அருமையான படம். கண்ணாடி போடாதவர் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் ஐ ரிலீஃப் 12 மி.மீ. பக்கம். நிக்கான் அக்குலான் 8×42-உம் ஏறக்குறைய அதே கதை. இரண்டுமே தண்ணீர் புகாதவை அல்ல. நிக்கான் புரோஸ்டாஃப் பி3 8×42-இல் ஐ ரிலீஃப் 20 மி.மீ. வரை, பரப்பு 7.2 டிகிரி, எடை 565 கிராம், உள்ளே தண்ணீர் புகாது. உங்களுக்கு இதுதான். செலஸ்ட்ரான் நேச்சர் டிஎக்ஸ் 8×42-உம் கண்ணாடிக்காரருக்கு ஆகும். கொஞ்சம் கனம், ஆனால் இரண்டு மீட்டர் பக்கத்தில் இருக்கிற பட்டாம்பூச்சியையும் ஃபோகஸ் செய்யும். இரண்டில் ஒன்று உங்கள் தொகைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். நிக்கான் மோனார்க் எம்5 லென்ஸின் தரத்தில் ஒரு படி மேல்தான். ஆனாலும் 8×42-இல் பரப்பு 6.4 டிகிரிதான் என்பதால் அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். சுவரோவ்ஸ்கி, சைஸ், லைக்கா எல்லாம் வேறு உலகம். ஒருமுறைகூட அவற்றில் கண் வைத்துப் பார்க்காதீர்கள், மனசு கெட்டுப்போகும்.

வாங்குமுன் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். உள்ளே டியூப்லைட்டுக்குக் கீழே எல்லாம் நன்றாகத்தான் தெரியும். கண்ணாடியோடு பார்க்கும்போது கண் கப்புகளை முழுதாகக் கீழே இறக்கிவிடுங்கள். வலது கண்ணை மூடி, இடது கண்ணால் தூரத்துப் பெயர்ப்பலகை எழுத்தை நடுச்சக்கரத்தால் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது பக்கத்து வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். இதைச் செய்யாமலேயே பைனாகுலர் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் மின்கம்பியில் இருக்கிற காக்கையைப் பாருங்கள். வெளிறிய வானத்தில் காக்கையின் ஓரம் ஊதாவும் பச்சையுமாகக் கசிந்தால் லென்ஸ் சுமார்தான். கடைசியாகக் கையை நீட்டி எட்டிப் பிடித்து, கண் வைக்கிற பக்கத்தில் தெரியும் ஒளிவட்டத்தைக் கவனியுங்கள். முழு வட்டமாக இருக்க வேண்டும். விளிம்பு வெட்டுப்பட்டுச் சதுரம் போலத் தெரிந்தால் பிரிசம் மட்டமான கண்ணாடி.

கடையைவிட நல்ல இடம் ஒன்று உண்டு. மணிமுத்தாறில் இருக்கிற அகத்தியமலை மக்கள்சார் இயற்கை வள காப்பு மையத்தார் 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள், வழக்கமாக ஜனவரியில். தன்னார்வலராகச் சேர்ந்துகொண்டால் ஒரே காலையில் நாலைந்து பேர் கழுத்தில் தொங்குகிற பைனாகுலரை வாங்கி உங்கள் கண்ணாடியோடு பார்த்துவிடலாம்.

வாங்கிய பிறகு ஒரே தொல்லை பூஞ்சை. சாரல் காலத்தில் பீரோவுக்குள் உறையோடு பூட்டி வைக்காதீர்கள். மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். தூசியை முதலில் ஊதிவிட்டு அப்புறம்தான் துணி. வேட்டி முனையால் துடைக்கிற வேலையே வேண்டாம், மண் துகள் லென்ஸில் கோடு போட்டுவிடும்.

பேரன் விஷயம். சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு கண்ணுக்கும் உள்ள இடைவெளி குறைவு. 42 மி.மீ. பைனாகுலர் பலவற்றை முழுதாக மடக்கினாலும் அந்த அளவுக்கு நெருங்காது. ஒரு கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு "தெரியுது தாத்தா" என்று உங்களுக்காகச் சொல்வான். 6×30 கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் நன்றாக மடங்குகிற 8×25. அவனையும் கடைக்குக் கூட்டிப்போய் மாட்டிப் பாருங்கள். சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் பைனாகுலரைக் கையில் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கூந்தன்குளத்தில் அவனை நேரே கரைக்குக் கொண்டுபோக வேண்டாம். ஊருக்குள்ளே, வீட்டு வாசல் மரங்களில் மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டியிருக்கும் தெருவில் நிறுத்துங்கள். குஞ்சு வாயைத் திறப்பது வரை ஆறு மடங்கிலேயே தெரியும். தலையில் ஒரு தொப்பி மட்டும் இருக்கட்டும், மேலேயிருந்து என்ன விழும் என்று சொல்ல முடியாது.