வண்டியில் மாமனாருக்கு மட்டும் இடமில்லையா?

கேள்வி: எனக்கு 36 வயது. கணவர், இரண்டு பிள்ளைகள், 71 வயது மாமனாருடன் ஈரோட்டில் வசிக்கிறேன். மாமியார் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. மே விடுமுறையில் என் தங்கை குடும்பத்தோடு சேர்ந்து மூன்று நாள் ஊட்டிக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறோம். மொத்தம் ஏழு பேர், வண்டியும் ஏழு பேர் உட்காரும் வண்டிதான். அந்த மூன்று நாள் மட்டும் மாமனாரைக் கோவையில் இருக்கும் கொழுந்தனார் வீட்டில் விடலாம் என்று கேட்டால், ஓரகத்தி ஏதேதோ சொல்லித் தட்டிக்கழிக்கிறாள். வருடம் முழுவதும் பார்த்துக்கொள்வது நான்தான். மூன்று நாள்கூட அவர்களால் முடியாதா? மாமனாருக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை. மேட்டுப்பாளையம் – ஊட்டி மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர், குன்னூர் ரயில்வே குடியிருப்பில் வாழ்ந்தவர். அவருக்கு அந்த மலை புதிதல்ல. நாங்கள் போகிறோம் என்று தெரிந்ததும் அவரே சந்தோஷமாக, வழியில் வரும் ஸ்டேஷன்களின் பெயரையெல்லாம் ஒரு தாளில் எழுதி, எங்கே எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்றும் குறித்துப் பேரனிடம் கொடுத்தார். நாங்கள் காரில் போகிறோம் என்பதுகூட அவர் மனதில் பதியவில்லை. எதிர்வீட்டில் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு அவரை வீட்டிலேயே விட்டுப் போகலாமா? கொழுந்தனாரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: கொழுந்தனாரைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன். முதலில் அந்தத் தாளைப் பற்றிப் பேச வேண்டும்.

அவருக்கு வருத்தமில்லை என்பதற்குச் சாட்சியாக அதை எழுதியிருக்கிறீர்கள். எழுதிய பிறகு ஒருமுறையாவது படித்துப் பார்த்தீர்களா? பயணத்தில் நாட்டமில்லாத பெரியவர் 'பத்திரமாகப் போய்விட்டு வாருங்கள்' என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். உங்கள் மாமனார் உட்கார்ந்து, கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று வரிசையாக நினைவிலிருந்து எழுதியிருக்கிறார். எந்த இடத்தில் எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று குறித்திருக்கிறார். காரில் போகிறவர்களுக்கு ரயில் ஸ்டேஷன்களின் பெயர் எதற்கு? காரில் போகிறீர்கள் என்பது அவர் மனதில் பதியவில்லை என்கிறீர்கள். நன்றாகவே பதிந்திருக்கிறது. வேறு எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் பேரன் கையில் அதைக் கொடுத்திருக்கிறார்.

மகன் வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு 'என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள்' என்று கேட்க வாய் வருவதில்லை. மனைவி இருந்தவரை அவர் மூலமாகச் சொல்லிவிடுவார்கள். 'உங்கள் அப்பாவுக்கும் ஆசையாக இருக்கிறது போலிருக்கிறதடா' என்று ஒரு வார்த்தை சொல்ல உங்கள் மாமியார் இன்று இல்லை. அந்த ஒரு வார்த்தையை இனி யாராவது கண்டுபிடித்துச் சொன்னால்தான் உண்டு. அந்த வீட்டில் அது உங்கள் கண்ணில்தான் பட்டிருக்கிறது. பட்டும் தவறாகப் படித்துவிட்டீர்கள்.

அடுத்து, 'அவருக்கு அந்த மலை புதிதல்ல' என்ற வாக்கியம். இதே வாக்கியத்தைப் பல வீடுகளிலிருந்து வரும் கடிதங்களில் படித்திருக்கிறேன். கோயிலில் வேலை பார்த்த அப்பாவுக்குத் திருவிழா புதிதல்ல, சமையல்காரராக இருந்த பெரியப்பாவுக்குக் கல்யாண விருந்து புதிதல்ல. ஓர் இடத்தில் உழைத்தவர் அந்த இடத்தை அனுபவித்துத் தீர்த்துவிட்டார் என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம்.

மலை ரயிலில் பிரேக்ஸ்மேன் என்ன செய்வார் என்று உங்கள் மாமனாரிடம் என்றைக்காவது கேட்டதுண்டா? கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை அந்தப் பாதை செங்குத்தாக ஏறுகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் ஏறத்தாழ 12 அடி போனால் ஓர் அடி உயரம். சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும் என்பதால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் பதித்த இரும்புப் பட்டை போட்டிருக்கிறார்கள். என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் ஏறும், இறங்கும். ஏறும்போது என்ஜின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளுகிறது. முன்னால் என்ன இருக்கிறது என்பது டிரைவருக்குத் தெரியாது. பெட்டிகளின் முகப்பு மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் அவருடைய கண். பாறை விழுந்திருக்கிறதா, மரம் சாய்ந்திருக்கிறதா, யானை நிற்கிறதா என்று பார்த்துக் கொடி காட்ட வேண்டும். என்ஜினின் ஊதல் கேட்டதும் பிரேக்கைத் திருக வேண்டும். மழையோ பனியோ குளிரோ, நிற்கும் இடம் அதுதான்.

அந்தப் பாதையில் 16 குகைகளும் 250 பாலங்களும் இருக்கின்றன. நாம் ஜன்னலில் தலையை நீட்டிப் படம் எடுக்கிற ஒவ்வொரு பாலத்திலும் அவர் பார்த்தது தண்டவாளத்தை. பள்ளத்தாக்கைத் திரும்பிப் பார்த்து நின்றிருந்தால் அவரை வேலையில் வைத்திருக்க மாட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேல் எத்தனை ஆயிரம் குடும்பங்களைப் பத்திரமாக மேலே கொண்டுபோய், பத்திரமாகக் கீழே இறக்கியிருப்பார்! தன் பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கையில் கொடியில்லாமல், ஒரு பயணியாக ஒரு தடவை அந்த வழியில் போயிருக்கிறாரா? கேட்டுப் பாருங்கள். போயிருந்தால்தான் அவருக்கு அது புதிதல்ல.

அந்தப் பாதையை 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தபோது அவர் பணியில் இருந்திருக்க வேண்டும். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பேய்மழையில் நிலச்சரிவுகள் ஏற்பட்டு 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ரயில் பாதையும் பல இடங்களில் சிதைந்தது. அப்போதும் அவர் குன்னூரில்தான் இருந்திருப்பார். உங்கள் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியுமா? தங்கள் தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று பள்ளியில் கேட்டால் 'ரயில்வேயில் இருந்தார்' என்பதைத் தாண்டி ஒரு வாக்கியம் சொல்வார்களா? சாக்லேட்டும் வர்க்கியும் நீலகிரித் தைலமும் எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்த மலையை உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டத் தகுதியான ஒரே மனிதரை எதிர்வீட்டுச் சாப்பாட்டில் விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறீர்கள்.

இப்போது உங்கள் கணவர். இவ்வளவு நீளக் கடிதத்தில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி ஏற்பாடு, ஓரகத்தியுடன் மனத்தாங்கல், எதிர்வீட்டுச் சாப்பாடு என்று எல்லாவற்றிலும் நீங்கள்தான் நிற்கிறீர்கள். குன்னூர் குடியிருப்பில் வளர்ந்தவர் அவர். அந்த ஊர்ப் படிக்கட்டுகளில் ஏறி இறங்கிப் படித்திருப்பார். அப்பாவை விட்டுவிட்டு அந்த ஊர் வழியாகக் காரில் கடந்து போக அவருக்கு மனம் எப்படி ஒப்புகிறது? ஒருவேளை ஒப்பவில்லையோ, உங்களிடம் சொல்லத்தான் தயங்குகிறாரோ, எனக்குத் தெரியாது. எதுவானாலும் பெற்ற மகன் வாய்மூடி இருந்துகொண்டு, மருமகளை முன்னால் நிறுத்திப் பொல்லாதவளாக்குவது நம் வீடுகளில் நெடுங்காலமாக நடக்கும் அநியாயம். அதற்கு நீங்கள் உடன்படாதீர்கள். இந்தப் பக்கத்தை மடித்து அவரிடம் கொடுங்கள்.

அப்பாவை அவர்தான் அழைக்க வேண்டும். 'வருகிறீர்களா?' என்று கேட்டால் 'நான் எதற்கு, நீங்கள் போய் வாருங்கள்' என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகக் கிளம்பிவிடாதீர்கள். 'டிக்கெட் எடுக்கப் போகிறேன் அப்பா, எந்தத் தேதி சௌகரியம்?' என்று கேட்கச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் இரண்டு நாள் விட்டு மறுபடி கேட்கட்டும். மனைவியோடு வாழ்ந்த வீட்டின் பக்கம் போக அவருக்குத் தெம்பில்லாமலும் இருக்கலாம். அப்படியென்றால் அது அவர் எடுக்கும் முடிவு, அதை மதியுங்கள். வண்டியில் இடமில்லை என்பதற்காக அவருக்காக நீங்கள் எடுக்கும் முடிவு வேறு.

ஏற்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்குக் கிளம்பும் ரயில், ஊட்டி போய்ச் சேர நண்பகல் ஆகும். மே மாதத்தில் அதற்கு டிக்கெட் கிடைப்பது கடினம், முன்பதிவு தொடங்கியதுமே தீர்ந்துவிடும். கிடைத்தால் மாமனார், உங்கள் கணவர், பிள்ளைகள் ரயிலில் போகட்டும். நீங்களும் தங்கை குடும்பமும் பர்லியாறு வழியாகக் காரில் வாருங்கள். வண்டியில் இடம் போதவில்லை என்ற பேச்சுக்கே அப்போது வேலையில்லை. காருக்கு இ-பாஸ் கட்டாயம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 கோடை சீசனில் நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பு வைத்தார்கள். அதனால் சனி, ஞாயிறை விட்டு வார நடுவில் போங்கள். தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, வீட்டிலிருந்து எவர்சில்வர் பாத்திரத்தில் கொண்டுபோங்கள்.

என்னைக் கேட்டால் மே மாதமே வேண்டாம் என்பேன். மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் 71 வயதுக்காரரை நிற்கவைத்து என்ன காட்டப்போகிறீர்கள்? காலாண்டு விடுமுறையில் போனால் அது இரண்டாம் சீசன். பூவும் இருக்கும், நெரிசலும் குறைவு. அக்டோபர் பாதிக்கு மேல் தள்ளிவிடாதீர்கள், வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் மண்சரிவால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். புறப்படும் முன் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இரத்த அழுத்தமோ மூச்சிரைப்போ இருந்தால் ஊட்டியைவிடத் தாழ்வான, குளிர் குறைந்த குன்னூரில் தங்குவது நல்லது. தொட்டபெட்டாவுக்கு நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள். அவரைக் குன்னூர் ஸ்டேஷனில் விடுங்கள், உங்கள் மகனையும் கூட விடுங்கள். அங்கே யாராவது பழைய ஆள் அவரை அடையாளம் கண்டு பேச வந்தால், நேரமாகிறது என்று அவசரப்படுத்தாதீர்கள்.

இனி உங்களைப் பற்றி. இதுவரை கடுமையாகப் பேசியது உங்கள் உழைப்பு தெரியாமல் இல்லை. ஒரு பெரியவருக்கு வருடம் முழுவதும் நேரத்துக்குச் சாப்பாடு, மாத்திரை, வெந்நீர் என்று பார்ப்பது முதுகை ஒடிக்கும் வேலை. அதற்கு யாரும் உங்களுக்கு நன்றி சொல்லியிருக்க மாட்டார்கள். உங்களுக்கு ஓய்வு வேண்டும். அதை ஓய்வு என்றே கேளுங்கள். 'தங்கையும் நானும் இரண்டு நாள் ஏற்காடு போய் வருகிறோம், வீட்டையும் அப்பாவையும் பிள்ளைகளையும் நீங்கள் பாருங்கள்' என்று கணவரிடம் நேராகச் சொல்லுங்கள். ஈரோட்டிலிருந்து சேலம் வழியாக அரை நாள் பயணம்கூட இல்லை. அந்தப் பயணத்தில் மாமனார் இல்லையென்று யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது, சொன்னால் நான் உங்கள் பக்கம். குடும்பம் முழுவதும் கிளம்பும் பயணத்தில் ஒருவரை மட்டும் கழித்துவிட்டு அதை ஓய்வு என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கொழுந்தனார் விஷயம். ஊட்டிக்குப் போவதற்காக மூன்று நாள் அப்பாவை வைத்துக்கொள் என்று கேட்டால், அவர்களுக்குத் தங்கள் தலையில் சுமை கட்டுவதாகத்தான் படும். பெற்றவர் இரண்டு பிள்ளைகளுக்கும் பெற்றவர். வருடத்தில் இரண்டு மாதமாவது அவர் கோவையில் இருக்க வேண்டும் என்று உங்கள் கணவர் தன் தம்பியிடம் நேரில் போய்ப் பேச வேண்டும். போனில் வேண்டாம். நீங்களும் ஓரகத்தியும் அந்தப் பேச்சில் இருக்க வேண்டாம். பேசுவதற்கு முன்னால் அப்பாவுக்கு அதில் விருப்பமா என்று அப்பாவிடம் கேட்டுவிட்டுப் போகட்டும்.