பில் அழிக்கும் அதிகாரம் வேண்டாம்

கேள்வி: கிளாட் என்ற ஏ.ஐ. செயலியில் எங்கள் கடைக் கணக்கு மென்பொருளின் முகவரியைக் கொடுத்தால் போதும், அதுவே பில் தேடித் தரும் என்கிறான் மகன். நம்பலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: நம்பலாம் அம்மா, ஆனால் அந்த முகவரியில் எம்.சி.பி. சர்வர் ஓட வேண்டும். சாதாரண இணையதள முகவரி உதவாது. எம்.சி.பி. என்பது ஏ.ஐ. செயலிகளை மற்ற மென்பொருள்களோடு இணைக்க, கிளாட்டை உருவாக்கிய ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட பொது நெறிமுறை. இணைத்ததும் சர்வர் தன்னிடமுள்ள கருவிகளைப் பட்டியலிடும்: 'பில் தேடு', 'பில் அழி' என்று பெயரும் விளக்கமுமாக. பெரும்பாலும் மென்பொருளின் சொந்த உள்நுழைவுப் பக்கம் திறக்கும். கடவுச்சொல்லை அங்கேதான் அடிக்க வேண்டும், சாட்டில் வேண்டவே வேண்டாம். செயலிக்குக் கிடைப்பது ஒரு டோக்கன், அதாவது அனுமதிச் சீட்டு மாதிரி ஒன்றுதான். பிறகு ரத்து செய்துகொள்ளலாம். என்னைக் கேட்டால், 'தேடு' மட்டும் போதும், 'அழி'யை மூடி வையுங்கள். அப்புறம், ஊர் பேர் தெரியாத சர்வரை இணைக்காதீர்கள். கருவியின் விளக்கத்துக்குள்ளேயே கிளாட்டுக்கான விஷமக் கட்டளையை ஒளித்து வைக்க முடியும்.