உதவிப்பணம் யார் பைக்குப் போகிறது? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

உக்ரைன் போரைப் பற்றி நீங்கள் எழுதியவற்றைத் தொடர்ந்து வாசிக்கிறேன். உக்ரைன் அதிபர் ஜெலன்ஸ்கியின் மனைவி பாரிஸில் 45 லட்சம் யூரோவுக்கு புகாட்டி கார் வாங்கினார் என்று எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. அது புரளி என்கிறாள் என் மகள். சரி, புரளியாகவே இருக்கட்டும். 2025 நவம்பரில் அங்கே மின்துறையில் வெளிவந்த ஊழல் புரளி இல்லையே? அதற்கு முன் ஆப்கானிஸ்தானிலும் இதே கதைதானே? தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? இவ்வளவு படித்த மேலைநாட்டுக்காரர்களுக்கு இது தெரியாதா, தெரிந்தும் ஏன் கொட்டிக் கொடுக்கிறார்கள்? பேசாமல் நிறுத்திவிட்டால் என்ன? கடைசியாக ஒன்று, நம் இந்தியாவும் ஆப்கானிஸ்தானில் கோடிகோடியாகச் செலவு செய்ததே, அதுவும் இப்படித்தான் போனதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மகள் சொன்னதுதான் சரி. அந்த கார் கதை 2024 ஜூலையில் போலி ரசீது ஒன்றை வைத்துக் கிளப்பப்பட்டது, விற்பனையகமே மறுத்துவிட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பு இரண்டு சொகுசுப் படகுகள் வாங்கியதாக இன்னொரு கதை உலவியது. அந்தப் படகுகள் விற்கப்படாமல் அப்படியே கிடந்தன. ஆனால் உக்ரைனுக்கான உதவி மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் மாதக்கணக்கில் சிக்கிக் கிடந்தபோது இந்தப் படகுக் கதை உறுப்பினர்களின் பேச்சில் புழங்கியது என்று குடியரசுக் கட்சியின் செனட்டர் தாம் டில்லிஸே பின்னர் சொன்னார். உங்கள் வாட்ஸப் குழுவுக்கு வந்த அதே வகைச் சரக்கு வாஷிங்டன் வரை போய்வந்திருக்கிறது.

இனி நீங்கள் சொன்ன பழமொழிக்கு வருகிறேன். அது தேன் எடுப்பவனின் கையை மட்டும்தான் பார்க்கிறது. போர்க்காலத்தில் தேனெடுக்க அனுப்பியவனே பல சமயம் ‘நக்கிக்கொள், ஆனால் நான் சொல்லும் பக்கம் நில்’ என்றுதான் அனுப்புகிறான். ‘தெரியாதா’ என்று கேட்கிறீர்களே, நன்றாகவே தெரியும். அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

ஆப்கானிஸ்தானையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதற்குத்தான் முழுக் கணக்கும் இருக்கிறது. அமெரிக்க அரசே 2008-இல் சிகார் என்று ஒரு தணிக்கை அமைப்பை உருவாக்கி, தன் பணம் எப்படி வீணானது என்று பல ஆண்டுகள் பக்கம்பக்கமாக எழுதி வெளியிட்டது. மறுகட்டமைப்புக்கு என்று மட்டும் ஒதுக்கியது ஏறத்தாழ 14,500 கோடி டாலர், போர்ச்செலவு தனி. ஆண்டுக்குச் சுமார் 2,000 கோடி டாலர் பொருளாதாரம் கொண்ட ஒரு நாட்டில், அதுவும் இதையெல்லாம் செலவழிக்கும் அரசு அலுவலகங்களே சரியாக இல்லாத நாட்டில் இவ்வளவைக் கொட்டினால் என்ன ஆகும்? ஆனால் வெறும் அளவு மட்டும் காரணம் என்றால் இதை நிர்வாகக் கோளாறு என்று முடித்துவிடலாம். விஷயம் அதைவிட ஆழமானது.

2010 ஜூலையில் முகமது ஜியா சலேஹி என்ற அதிகாரி கைது செய்யப்பட்டார். அதிபர் ஹமீத் கர்சாயின் தேசியப் பாதுகாப்புக் குழுவில் நிர்வாகத் தலைவர் அவர். கோடிக்கணக்கில் டாலர்களை நாட்டைவிட்டு வெளியேற்றியதாகச் சந்தேகிக்கப்பட்ட நியூ அன்சாரி என்ற ஹவாலா நிறுவனத்தின் மீதான விசாரணையைத் தடுக்க, மகனுக்கு ஒரு கார் லஞ்சமாகக் கேட்டார் என்பது குற்றச்சாட்டு. தொலைபேசியை ஒட்டுக்கேட்டுப் பிடித்தது அமெரிக்கர்கள் பயிற்சி கொடுத்து உருவாக்கிய ஆப்கன் விசாரணைப் பிரிவு. சில மணி நேரத்தில் கர்சாய் தலையிட்டு அவரை வெளியே கொண்டுவந்தார். அடுத்த மாதம் நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்தது: சலேஹி பல ஆண்டுகளாக அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏயிடம் பணம் வாங்கி வந்தவர். அதாவது அமெரிக்காவின் ஒரு கை பிடித்த ஆளுக்கு இன்னொரு கை படியளந்துகொண்டிருந்தது. இதை முரண் என்று சிலர் எழுதினார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. போருக்கு அந்த ஆள் தேவைப்பட்டார், நிர்வாகச் சீர்திருத்த அறிக்கைக்கு அவரது கைது தேவைப்பட்டது, இரண்டில் எது வென்றது என்பதில் யாருக்கும் ஆச்சரியம் இருந்திருக்காது.

கர்சாயின் அலுவலகத்துக்கே சிஐஏ மாதாமாதம் பைகளில் ரொக்கம் கொடுத்து வந்தது 2013-இல் வெளியானது. அவர் அதை மறுக்கவில்லை, சிறு தொகைதான், பல நல்ல காரியங்களுக்குச் செலவானது என்றார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு ஈரானிடமிருந்தும் பை வருகிறது என்று ஒப்புக்கொண்டிருந்தார். இதிலுள்ள வேடிக்கையைக் கவனியுங்கள், ஒருவருக்கொருவர் ஜென்மப் பகையாளிகளான இரண்டு நாடுகள் ஒரே அலுவலகத்துக்கு, ஒரே நோக்கத்தோடு, ஒரே மாதிரிப் பையைக் கொண்டுபோய்க் கொடுக்கின்றன. கர்சாய்க்கு அந்தப் பணம் எதற்கு? வட்டாரத் தளபதிகளையும் எம்பிக்களையும் தன் பக்கம் வைத்திருக்க. அந்தத் தளபதிகள் அரசின் பக்கம் நிற்பதுதான் அமெரிக்காவுக்கும் தேவை. அப்படிப் பார்த்தால் அந்தப் பணம் போகவேண்டிய இடத்துக்குத்தான் போனது, எங்கும் கசியவில்லை.

இதைவிடக் கொடுமை லாரி ஒப்பந்தம். மலைகளுக்கு நடுவே சிதறிக் கிடந்த ராணுவ முகாம்களுக்கு டீசலும் சாப்பாடும் கொண்டுபோக 216 கோடி டாலருக்கு எட்டு கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று ஆப்கன் பாதுகாப்பு அமைச்சரின் மகனுடையது. வழியில் லாரிகளுக்குப் பாதுகாப்பு கம்பெனிகளின் பொறுப்பு. அவர்கள் என்ன செய்வார்கள்? சாலையைக் கையில் வைத்திருக்கும் தளபதிக்குக் கப்பம் கட்டினார்கள், அவரோ தாலிபானுக்கு ஒரு பங்கு கொடுத்து வழியை ‘அமைதியாக’ வைத்திருந்தார். 2010 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்று இதை விசாரித்து அறிக்கை கொடுத்தது. பாதுகாப்புக்கு என்று போகும் பணத்தில் ஒரு பகுதி எதிரிக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம் என்பது வெளியார் யாரோ கட்டிய கதை இல்லை, அவர்களுடைய அறிக்கையிலேயே இருக்கிறது. ராணுவத்துக்கும் தெரியும். ஆனால் லாரி நின்றால் முகாமில் டீசல் தீர்ந்துவிடும்.

அப்புறம் காபூல் வங்கி. போலீஸ்காரர், ராணுவத்தார், ஆசிரியர் என்று அரசு ஊழியர்களின் சம்பளமெல்லாம் அந்த வங்கி வழியாகத்தான் பட்டுவாடா. 2010 செப்டம்பரில் மக்கள் பணத்தை எடுக்க வரிசையில் நின்றபோதுதான் உள்ளே எதுவும் இல்லை என்று ஊருக்குத் தெரிந்தது. 90 கோடி டாலருக்கும் மேல் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்குக் ‘கடனாக’ போயிருந்தது. அதிபரின் அண்ணன் ஒருவர் அதில் பங்குதாரர், துணை அதிபரின் தம்பி இன்னொருவர். வங்கியின் தலைவர் ஷேர்கான் ஃபர்னூத் உலகப் போட்டிகளில் ஆடிய சீட்டாட்டக்காரர், துபாய்க் கடலோரத்தில் வங்கிப் பணத்தில் மாளிகைகள் வாங்கியவர். 2009 தேர்தலில் கர்சாயின் பிரச்சாரத்துக்கும் இந்த வங்கிதான் பணம் கொடுத்தது. இவ்வளவும் வெளியே வந்தபின் கொடையாளி நாடுகள் கொஞ்ச காலம் முறைத்துக்கொண்டன, சர்வதேச நாணய நிதியமான ஐஎம்எஃப் கடனை நிறுத்தியது. ஆனால் ஒபாமா அரசு படையைக் குறைத்துக்கொண்டு கிளம்பும் முனைப்பில் இருந்தது, அதற்குக் காபூலில் ஒத்துழைக்கும் ஓர் அரசு வேண்டும். முறைப்பு மெல்லக் கரைந்தது. அமெரிக்காவின் அரசியல் அக்கறை வடிந்ததும் வழக்கும் வடிந்துவிட்டது என்று சிகார் 2016-இல் எழுதியது.

கொடுப்பவன் பக்கத்துப் பைகளையும் சொல்லாவிட்டால் கதை பாதிதான். ஆப்கன் விமானப்படைக்காக இத்தாலியின் பழைய ஜி222 விமானங்கள் 20 வாங்கிப் புதுப்பித்துக் கொடுத்தார்கள், செலவு 54.9 கோடி டாலர். பறந்தது கொஞ்சம், நின்றது அதிகம். 16 விமானங்கள் கடைசியில் காயலான் கடைக்கு எடைபோட்டுப் போயின, பவுண்டுக்கு ஆறு சென்ட். அந்தத் திட்டத்தில் முக்கியப் பங்கு வகித்த அமெரிக்க விமானப்படை ஜெனரல் ஒருவர் ஓய்வுபெற்றதும் விற்ற கம்பெனிக்கே வேலைக்குப் போனதாக சிகார் கண்டுபிடித்தது. அமெரிக்க நீதித்துறை வழக்கு போடவில்லை. இதையெல்லாம் நாம் ‘ஆப்கானிஸ்தானில் ஊழல்’ என்ற தலைப்பில் போட்டுவைக்கிறோம்!

நான் சொல்ல வருவது இதுதான். போர்க்காலத்தில் ஊழல் கண்ணில் படுவதும் படாமல் போவதும், கொடுப்பவனுக்கு வாங்குபவன் எவ்வளவு தேவை என்பதைப் பொறுத்தது. தேவைப்படும்போது அதை ‘சிக்கலான உள்ளூர் யதார்த்தம்’ என்பார்கள், கிளம்பும் நேரம் வந்ததும் அதே ஆட்கள் ‘திருந்தாத திருடர்கள்’ ஆகிவிடுவார்கள். 2020 பிப்ரவரியில் தோஹாவில் படைகளை விலக்கிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் அமெரிக்கா தாலிபானோடு கையெழுத்திட்டபோது ஆப்கன் அரசு அறையிலேயே இல்லை. மறுஆண்டு காபூல் தாலிபான் கைக்குப் போய் எல்லாம் சரிந்ததும், ஏட்டிலிருந்த மூன்று லட்சம் வீரர்களில் பெரும்பாலானோர் கிடையவே கிடையாது, அவர்கள் பெயரில் சம்பளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது என்று முன்னாள் நிதியமைச்சர் காலித் பயெண்டா பிபிசியிடம் சொன்னார். உலகமே அதிர்ச்சி அடைந்தது போல நடந்துகொண்டது. இந்தப் பேய்ச் சிப்பாய்களைப் பற்றி சிகார் பல ஆண்டுகளாக எழுதிக்கொண்டுதான் இருந்தது.

உக்ரைனிலும் திருட்டு இருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். 2023 ஜனவரியில் ராணுவத்துக்கு வாங்கும் முட்டை ஒன்றுக்கு 17 ஹ்ரிவ்னியா (உக்ரைன் நாணயம்) என்று ஒப்பந்தம் போட்டிருப்பதை ஒரு பத்திரிகையாளர் வெளியிட்டார், தலைநகர் கீவின் கடைகளில் அப்போது ஏழு. செப்டம்பருக்குள் பாதுகாப்பு அமைச்சர் பதவி போனது. நீங்கள் சொல்லும் மின்துறை விவகாரம் அதைவிடப் பெரிது. அணுமின் நிறுவனமான எனர்கோஆட்டத்தின் ஒப்பந்தக்காரர்களிடம் 10 முதல் 15 சதவீதம் கமிஷன் வாங்கினார்கள், மொத்தம் சுமார் 10 கோடி டாலர் என்பது குற்றச்சாட்டு. ரஷ்யா மின்நிலையங்கள் மீது குண்டு போட்டு நகரங்கள் இருட்டில் கிடக்கும் நேரத்தில்! முக்கியக் குற்றவாளியாகச் சொல்லப்படும் தீமூர் மிந்திச் ஜெலன்ஸ்கியின் பழைய தொழில் கூட்டாளி, சோதனைக்குச் சில மணி நேரம் முன்பு நாட்டைவிட்டுப் போய்விட்டார். இரண்டு அமைச்சர்கள் பதவி இழந்தார்கள், மாதக் கடைசியில் அதிபரின் வலது கையான எர்மாக்கும் ராஜினாமா செய்தார்.

ஆனால் பிடித்தது யார்? நாபு என்ற உக்ரைனின் சொந்த ஊழல் தடுப்பு அமைப்பு, 2015-இல் ஐஎம்எஃப்பும் ஐரோப்பிய ஒன்றியமும் பணத்தோடு சேர்த்து வைத்த நிபந்தனையால் வந்தது. அதை அரசு வழக்கறிஞரின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர 2025 ஜூலை 22-இல் சட்டம் போட்டார்கள், ஜெலன்ஸ்கி அன்றிரவே கையெழுத்திட்டார். இளைஞர்கள் அட்டையில் வாசகங்கள் எழுதிக்கொண்டு வீதிக்கு வந்தார்கள், போர் தொடங்கியபின் அரசுக்கு எதிராக நடந்த முதல் பெரிய போராட்டம் அதுதான். ஐரோப்பிய ஒன்றியமும் அதே வாரத்தில், சீர்திருத்தங்கள் சில முடியவில்லை என்று 150 கோடி யூரோவை நிறுத்திவைத்தது. ஒன்பதே நாளில் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. காபூலில் சலேஹி வெளியே வந்ததையும் கீவில் எர்மாக் வெளியே போனதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உக்ரைனியர்கள் ஆப்கானியர்களைவிட நல்லவர்கள் என்பதல்ல காரணம். ஐரோப்பாவுக்கு உக்ரைன் நாளைக்குத் தன் வீட்டுக்குள் வரப்போகிற உறுப்பினர், அங்கே நீதிமன்றம் ஒழுங்காக இருப்பது அவர்களுடைய சுயநலமும்கூட. ஆப்கானிஸ்தானில் யாருக்கும் அப்படி ஒரு சுயநலம் இருக்கவில்லை.

இன்னொன்றை மறந்துவிடுகிறோம். உக்ரைன் உதவி வரலாற்றில் மிகப் பகிரங்கமான அரசியல் முறைகேடு நடந்தது கீவில் இல்லை. 2019-இல் ட்ரம்ப் நிர்வாகம் ஏறக்குறைய 39 கோடி டாலர் ராணுவ உதவியை நிறுத்திவைத்தது. அந்த நாட்களில்தான் ட்ரம்ப் ஜெலன்ஸ்கியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, தன் எதிராளி பைடன் குடும்பத்தின் மீது விசாரணை வேண்டும் என்று கேட்டார். நாடாளுமன்றம் ஒதுக்கிய பணத்தை அப்படி நிறுத்தியது சட்டவிரோதம் என்று அமெரிக்கத் தணிக்கை அலுவலகம் 2020 ஜனவரியில் சொன்னது. அடுத்த மாதம் செனட் அவரைப் பதவி நீக்கக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அப்போது வெள்ளை மாளிகை சொன்ன சமாதானம் என்ன தெரியுமா? உக்ரைனில் ஊழல் அதிகம், அதனால்தான் யோசித்தோம்.

நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்டீர்கள். ஆப்கானிஸ்தானில் 2021 ஆகஸ்டில் நிறுத்தினார்கள், ஒரே வாரத்தில். உலக வங்கி நிதியில் ஓடிய ஆயிரக்கணக்கான கிராமப்புற மருத்துவ நிலையங்களில் நர்சுகளுக்குச் சம்பளம் இல்லை, மருந்து இல்லை, ஆசிரியர்கள் பல மாதம் வெறுங்கையோடு வேலைக்குப் போனார்கள். அமெரிக்காவில் இருந்த ஆப்கன் மத்திய வங்கியின் 700 கோடி டாலர் முடக்கப்பட்டது. துபாயில் வீடு வாங்கியவர்கள் துபாயில்தான் இருந்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் நிறுத்து என்பதை நான் ஏற்கமாட்டேன். ரொக்கப் பையை நிறுத்து, உளவுத்துறை படியளப்பதை நிறுத்து, பிடிபட்டவனை போருக்காகக் காப்பாற்றுவதை நிறுத்து என்றால் ஏற்றுக்கொள்வேன். ஆனால் போரில் இருப்பவர்கள் இதைக் கேட்பார்களா என்றால், பெரும்பாலும் கேட்கமாட்டார்கள்.

இந்தியா விஷயம். நாமும் சும்மா கொடுக்கவில்லை. சரஞ்ச்–தெலாரம் சாலையை நம் எல்லைச் சாலை அமைப்பு போட்டது பாகிஸ்தானைத் தொடாமல் ஈரான் வழியாக ஆப்கானிஸ்தானுக்குள் போக ஒரு வழி வேண்டும் என்பதற்காக. அந்த வேலையில் நம் தொழிலாளர்கள் உயிரையும் விட்டிருக்கிறார்கள். ஒரு நல்ல விஷயம், ரொக்கத்தைக் கையில் கொடுப்பதைவிடக் கட்டிக்கொடுப்பதற்கே நாம் முக்கியத்துவம் கொடுத்தோம், அதனால் காபூல் அமைச்சர்களின் பைக்குப் போகும் வழி குறுகலாக இருந்தது. ஆனால் ஹெராத் பக்கத்தில் கட்டிய சல்மா அணை 2004-இல் 351 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கி, 2016-இல் திறக்கும்போது 1,450 கோடியைத் தாண்டியிருந்தது. பாதுகாப்பு பெரிய செலவு, சாமான்கள் எல்லாம் ஈரான் துறைமுகம் சுற்றி வரவேண்டியிருந்தது, நியாயமான காரணங்கள்தான். அமெரிக்கர்கள் தங்கள் பணத்தின் கதையைச் சொல்ல ஒரு சிகாரை வைத்து, அசிங்கங்களை இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி போட்டார்கள். நம் வெளிநாட்டு உதவிக்கென்று அப்படி ஒரு தனித் தணிக்கை அமைப்பு கிடையாது, வேண்டும் என்று கேட்கும் கட்சியும் இல்லை.