ஹெச்-இண்டெக்ஸ் பார்த்து கைடைத் தேர்ந்தெடுக்கலாமா?

கேள்வி: சமூகவியலில் பிஎச்.டி. சேரப் போகிறேன். நான் கைடாகக் கேட்க நினைக்கும் பேராசிரியர் இரண்டு புத்தகமும் இருபது சொச்சம் கட்டுரையும் எழுதியிருக்கிறார், ஆனால் அவருடைய படைப்புகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்பட்டன என்பதை வைத்துப் போடும் ஹெச்-இண்டெக்ஸ் 11தான். இயற்பியலில் இருக்கும் என் அண்ணன், “எங்கள் பக்கம் புதிதாக வந்தவருக்கே இதைவிட அதிகம், வேறு ஆளைப் பார்” என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: அண்ணன் சொல்வது அவர் துறைக்குச் சரி. அதே அளவுகோலை உங்கள் துறைக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது. 2005இல் இந்தக் கணக்கை முன்வைத்த ஹோர்ஹே ஹிர்ஷும் இயற்பியலாளர்தான், துறைக்குத் துறை இதன் மதிப்பு மாறும் என்று அவரே அந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். 11 என்றால், குறைந்தது 11 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட படைப்புகள் அவரிடம் 11 இருக்கின்றன என்று அர்த்தம், அவ்வளவுதான். பல வருடம் களத்தில் அலைந்து எழுதிய ஒரு புத்தகத்தை மூவாயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும் இந்தக் கணக்கில் அது ஒன்று. பன்னிரண்டு பேர் மட்டும் காட்டிய ஒரு சின்னக் கட்டுரையும் ஒன்று. சமூகவியலில் பெரிய வேலை பெரும்பாலும் புத்தகமாகத்தான் வரும், அதனால் இந்த எண் நம் ஆட்களுக்கு நியாயமே செய்வதில்லை என்பது என் உறுதியான கருத்து.

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டரைப் பாருங்கள். நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது பார்த்துப் பேசும் அறிமுகக்காரர்கள் வழியாகத்தான் புதுத் தகவல் வந்து சேர்கிறது என்று சொன்ன அவருடைய கட்டுரையை 1969இல் அமெரிக்கன் சோஷியாலஜிக்கல் ரிவ்யூ என்ற ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிட்டது. 1973இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சோஷியாலஜியில் வந்து, இன்றைக்குப் பல்லாயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டு, சமூகவியலைத் தாண்டிப் பொருளாதாரம், கணினி அறிவியல் வரை போய்விட்டது. அதுவும் ஹெச்-இண்டெக்ஸில் ஒன்றேதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு கருத்து நன்றாகப் பரவிவிட்டால் அதை முதலில் சொன்னவர் பெயரையே யாரும் போடுவதில்லை. நல்ல வங்கி திவாலாகப் போகிறது என்று வதந்தி கிளம்பி, எல்லோரும் ஓடிப்போய்ப் பணத்தை எடுத்து, அதனாலேயே அது திவாலாகும் கதையை வைத்து சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948இல் விளக்கிய, ‘தன்னைத்தானே மெய்யாக்கிக்கொள்ளும் கணிப்பு’ என்ற கருத்தை இன்று செய்தித்தாளில்கூட எடுத்தாள்கிறார்கள், மெர்ட்டன் பெயர் வருவது அபூர்வம். பெயர் பெற்றவருக்கே மேலும் பெயர் சேரும் என்று 1968இல் எழுதியவரும் அவர்தான். அந்தக் கட்டுரை ஹாரியட் ஜுக்கர்மன் எடுத்த நேர்காணல்களைப் பெரிதும் நம்பியது, அவர் பெயரையும் ஆசிரியராகப் போட்டிருக்க வேண்டும் என்று மெர்ட்டனே பிற்பாடு எழுதினார். மேற்கோள் கணக்கில் ஏறுகிற பெயர் எப்போதும் முழு உண்மையைச் சொல்லாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

சரி, எதைப் பார்ப்பது? அவருடைய புத்தகத்தை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலைத் திறந்து, நாலைந்து கட்டுரையை எடுத்துப் படியுங்கள். அவர் வாதத்தோடு மல்லுக்கட்டுகிறார்களா, இல்லை அடைப்புக்குறிக்குள் பெயரை மட்டும் போட்டுவிட்டு நகர்கிறார்களா? மறுத்து எழுதியிருந்தாலும் பரவாயில்லை, மறுக்கும் அளவுக்குப் பொருட்படுத்தியிருக்கிறார்கள். அப்புறம், அவரிடம் படித்தவர்கள் இப்போது சொந்தப் பெயரில் எழுதுகிறார்களா என்று பாருங்கள். எனக்கு இது ஹெச்-இண்டெக்ஸைவிடப் பல மடங்கு முக்கியம்.

கேள்வி: ஒரே ஆசிரியருக்கு கூகுள் ஸ்காலரில் ஒரு எண், வெப் ஆஃப் சயின்ஸில் அதில் கால்வாசிகூட இல்லை. எது பொய்?

பதில்: எதுவும் பொய்யில்லை. இரண்டும் மேற்கோள்களை எண்ணும் தளங்கள், எதை எண்ணுகின்றன என்பதுதான் வேறு. வெப் ஆஃப் சயின்ஸ் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களைத்தான் முதன்மையாக எண்ணுகிறது, அதில் ஆங்கில இதழ்களே அதிகம். கூகுள் ஸ்காலர் புத்தகம், ஆய்வேடு, அச்சுக்கு முந்தைய பிரதி என்று இணையத்தில் கிடைப்பதையெல்லாம் சேர்க்கிறது, அதனால் ஒரே கட்டுரை இரண்டு முறை ஏறுவதும் வேறொருவர் கட்டுரை வந்து ஒட்டிக்கொள்வதும் நடக்கும். சமூகவியலாளர் என்றால் நான் ஸ்காலரில் தொடங்கி, தலைப்புகளைக் கண்ணால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வேன். எந்த எண்ணைச் சொன்னாலும் எங்கே, எந்தத் தேதியில் எடுத்தது என்று பக்கத்தில் எழுதுங்கள்.

கேள்வி: சம்பந்தமே இல்லாவிட்டாலும் தன் கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொல்கிறார் என் கைடு. காட்டலாமா?

பதில்: கூடாது. தன் பழைய வேலையைத் தானே குறிப்பிடுவது இயல்பு, தொடர்ந்து ஒரே களத்தில் ஆய்வு செய்கிறவர் அதைத் தவிர்க்கவே முடியாது. எண்ணிக்கையை ஏற்ற மாணவரின் ஆய்வேட்டைப் பயன்படுத்துவது வேறு விஷயம், அது தவறு. உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது, நேருக்கு நேர் மறுப்பது எளிதில்லை. “இந்த அத்தியாயத்தில் எந்த வாதத்துக்கு இது ஆதாரமாக வரும், சார்?” என்று கேளுங்கள். அவர் இடம் காட்டினால் படித்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள், காட்டாவிட்டால் விட்டுவிடுங்கள். அதற்கும் மேல் வற்புறுத்தினால் ஆய்வுக் குழுவில் இருக்கும் இன்னொரு ஆசிரியரிடம் பேசுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.