‘ஹியர்’ என்று எழுதுவதா, ‘ஹியரிங்’ என்று எழுதுவதா?

கேள்வி: ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு பையருக்கு எழுதிய மெயிலை ‘லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று முடித்திருந்தேன். மேனேஜர் அதை ‘ஹியரிங்’ என்று மாற்றிவிட்டார். ‘டு’வுக்குப் பிறகு ‘இங்’ வராது என்றுதானே பள்ளியில் படித்தோம்? எது சரி, ஐயா?
– வாசகி, பேரணாம்பட்டு

பதில்: மேனேஜர் மாற்றியதுதான் சரி, அம்மா. நீங்கள் படித்ததும் தவறில்லை. ஆனால் அது ‘ஐ வான்ட் டு கோ’ என்பதில் வரும் ‘டு’வுக்கான விதி. இங்கே இருப்பது ‘கோயிங் டு வேலூர்’ என்கிறோமே, அந்த ‘டு’. அதன் பின்னால் பெயர்தான் நிற்கும். வினை வரவேண்டுமென்றால் ‘இங்’ சேர்த்துப் பெயராக்கிக்கொள்ள வேண்டும்.

தமிழில் இதை நாம் யோசிக்காமலே சரியாகச் சொல்கிறோம். ‘அக்கா வருவதை எதிர்பார்க்கிறேன்’ என்போம். ‘அக்கா வர எதிர்பார்க்கிறேன்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘வருவது’ என்று பெயரான பிறகுதானே அதில் ‘ஐ’ என்ற வேற்றுமை உருபு ஏறுகிறது? ‘ஹியரிங்’ செய்வதும் அதே வேலைதான்.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தபோது நானும் ‘ஹியர்’ என்றே அடித்துவந்தேன். கார்பன் வைத்து மூன்று காப்பி. ஒரு சொல் தவறினாலும் முழுப் பக்கத்தையும் திரும்ப அடிக்கவேண்டும். ஒருநாள் ஹெட் கிளார்க் கூப்பிட்டு, “அந்த இடத்துல ‘யுவர் லெட்டர்’னு போட்டுப் பாருப்பா. நிக்குதா? அப்ப வினைக்கு ‘இங்’ போடு” என்றார். சந்தேகம் வந்தால் இன்றும் அப்படித்தான் பார்க்கிறேன்.

‘யூஸ்ட் டு’வில் தடுமாறுகிறவர்களுக்கும் இது உதவும். ‘ஐ ஆம் யூஸ்ட் டு தி ஹீட்’ (வெயில் எனக்குப் பழகிவிட்டது) என்பதில் பெயர் நிற்கிறது; அதனால் ‘ஐ ஆம் யூஸ்ட் டு வொர்க்கிங் இன் தி ஹீட்’. முன்பு ராணிப்பேட்டையில் குடியிருந்தேன், இப்போது இல்லை என்பதற்கு ‘ஐ யூஸ்ட் டு லிவ் இன் ராணிப்பேட்’. அங்கே ‘இங்’ வேண்டாம்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. தமிழில் நல்லதையும் எதிர்பார்ப்போம், கெட்டதையும் எதிர்பார்ப்போம். ‘லுக்கிங் ஃபார்வர்டு’ என்பது ஆசையோடு காத்திருப்பதற்கு மட்டும்தான். சரக்கு தாமதமாகும் என்று தெரிவிக்கும்போது ‘வீ எக்ஸ்பெக்ட் எ டிலே’ என்று எழுதுங்கள். அங்கே ‘லுக்கிங் ஃபார்வர்டு’ போட்டால், தாமதத்துக்காக நீங்கள் ஆவலோடு காத்திருப்பதாகத்தான் பையர் படிப்பார்.